கூட்டத்தில் பின்தங்கிய குஞ்சு

அடைவைத்த பத்து முட்டைகளில் எட்டு பொரித்து, எட்டுக் குஞ்சுகளும் தாயின் பின்னால் கொல்லையெங்கும் ஓடித் திரியும் காட்சி நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் காணக் கூடியதே. இரண்டு வாரங்கள் சென்றபின் அக்கூட்டத்தைச் சற்று உற்று நோக்குங்கள். ஏழு குஞ்சுகள் இறகு முளைத்துத் துறுதுறுவென்று மண்ணைக் கிளறிக் கொண்டிருக்கும். எட்டாவது மட்டும் பொரித்த அன்றிருந்த அளவிலேயே நிற்கும். சிறகுகள் தொங்கியிருக்கும், கண்கள் பாதி மூடியிருக்கும். மற்றவை இரைக்கு ஓடும்போது அது இரண்டடி எடுத்து வைத்து நின்றுவிடும்.

இத்தகைய குஞ்சைக் கண்டதும் நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றோம். “அது தேறாது, விட்டுவிடு” என்று கூறிக் காக்கைக்கும் பூனைக்கும் விட்டுவிடுகின்றோம். அல்லது வீட்டில் எஞ்சியிருக்கும் ஏதேனும் ஒரு மாத்திரையைப் பொடித்து வாயில் ஊற்றுகின்றோம். இரண்டும் சரியன்று. பின்தங்கிய குஞ்சுகள் யாவும் சாகப் பிறந்தவையல்ல. அதே வேளையில், நோயென்று ஒன்றிருந்தால் அது அந்த ஒரு குஞ்சோடு நின்றுவிடுவதுமில்லை. ஆகவே அதனைக் கவனிப்பது அதற்குச் செய்யும் இரக்கம் மட்டுமல்ல. மற்ற ஏழுக்கும் நாம் இடும் வேலியுமாகும்.

கோழி வளர்ப்பு நம் பெண்மணிகளின் சிறுவாட்டுப் பணத்திற்கு நெடுங்காலமாக ஆதாரமாய் இருந்து வருவது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும், அவசரத்திற்கு ஒரு மருந்துச் சீட்டுக்கும் முட்டைக் காசு கைகொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடும்பங்களுக்கு எட்டில் ஒன்று என்பது சிறிய கணக்கன்று.

நோயா, சிறுமையா?

முதலில் அறிய வேண்டியது, குஞ்சு நோயுற்றிருக்கின்றதா, இயல்பாகவே சிறியதா என்பதாகும். பொரித்த அன்று ஒரு குஞ்சின் எடை, அது இருந்த முட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். சிறிய முட்டையிலிருந்து சிறிய குஞ்சே வரும். முதன்முறையாக முட்டையிடத் தொடங்கிய இளம் பெட்டையின் குஞ்சுகள் சிறுத்திருப்பதற்குக் காரணம் இதுவே. 21 நாள் கணக்கில் ஒரு நாள் பிந்திப் பொரித்த குஞ்சும் சில நாட்கள் பின்தங்கியே காணப்படும்.

நாட்டுக்கோழிக் குஞ்சைக் கறிக்கோழிக் குஞ்சோடு ஒப்பிடுவதும் தவறு. பண்ணைக் கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோவை எட்டிவிடும். நாட்டுக்கோழிக்கு ஒரு கிலோவைத் தாண்டவே மாதங்கள் ஆகும். எனவே ஒப்பிட வேண்டியது உடன் பிறந்த குஞ்சுகளோடுதான்.

இதற்குச் சிறந்த கருவி சமையலறைத் தராசே. காலையில், இரை வைக்கும் முன், ஒரு கிண்ணத்தில் குஞ்சை வைத்து எடை பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிறியதாயினும் எடை நாள்தோறும் சிறிதளவாவது ஏறி வருமானால், அது மெதுவாக வளரும் குஞ்சு; அஞ்சத் தேவையில்லை. மூன்று நாட்கள் ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ, அது நோயுற்ற குஞ்சு. கண் ஏமாற்றக் கூடும். இறகு உப்பியிருக்கும் நோயாளிக் குஞ்சு பார்வைக்குக் கொழுத்ததாகத் தோன்றும். தராசு ஏமாற்றாது.

முதல் மருந்து வெப்பமே

தாய்க்கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். குஞ்சுக்கோ முதல் சில வாரங்களுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக் கொள்ளும் ஆற்றல் இல்லை. வலுவான குஞ்சுகள் தாயின் சிறகடியில் இடம் பிடித்துக் கொள்ள, மெலிந்தது ஓரத்திற்குத் தள்ளப்படும். குளிர்ந்த குஞ்சு இரை எடுக்காது, எடுத்தாலும் செரிக்காது. இரை எடுக்காததால் மேலும் மெலியும். மெலிந்ததால் மேலும் ஓரத்திற்குத் தள்ளப்படும். பல குஞ்சுகள் நோய் எதுவுமின்றி இந்தச் சுழலிலேயே மடிகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சுச் சாவு மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே எந்த மருந்தையும் தேடுமுன் குஞ்சைத் தனியே பிரித்து வெப்பம் கொடுங்கள். ஓர் அட்டைப் பெட்டி போதும். அடியில் நெல் உமியோ, பழைய துணியோ பரப்புங்கள். செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் வழுக்கி விரிந்து போகும். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 40 வாட் குண்டு பல்பைத் துணியிலும் அட்டையிலும் படாதவாறு உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இன்று வழக்கிலுள்ள எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தராது. மின்சாரம் இல்லாத இடத்தில் வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி வைத்து, ஆற ஆற மாற்றலாம்.

முதல் வாரத்தில் விளக்கடியில் 35 டிகிரி செல்சியஸ் அளவும், அதன்பின் வாரத்திற்கு ஏறத்தாழ மூன்று டிகிரி குறைவாகவும் இருத்தல் நன்று. வெப்பமானி இல்லையெனில் குஞ்சே சொல்லிவிடும். விளக்கடியில் ஒடுங்கி நின்று ஓயாமல் கத்தினால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி மூலையில் ஒதுங்கினால் வெப்பம் மிகுதி. கால் நீட்டி அமைதியாக உறங்கினால் அளவு சரி. வெப்பம் ஒரு மூலையில் மட்டும் இருக்கவேண்டும் என்பது, வேண்டியபோது அது விலகிச் செல்வதற்காகவே. சித்திரை வெயிலில் நண்பகலில் விளக்கே தேவைப்படாது. இரவில் மட்டும் போதும்.

தனிமையும் குஞ்சை வாட்டும். நோய்க்குறி ஏதும் இல்லையென்று தெளிந்தபின், சாதுவான இன்னொரு குஞ்சைத் துணைக்கு விடலாம்.

உடலைச் சோதித்தல்

வெப்பம் பெற்று ஓரிரு மணி நேரம் சென்றபின் குஞ்சைக் கையிலெடுத்து, தலை முதல் கால் வரை பாருங்கள்.

கழுத்தின் அடியில், மார்புக்கு மேலே இருப்பது தீனிப்பை. மாலையில் அது மெத்தென்று நிறைந்தும், விடியலில் வெறுமையாகவும் இருப்பது நலத்தின் அடையாளம். மாலையிலும் வெறுமையாயின் குஞ்சு இரை எடுக்கவில்லை. விடியலிலும் கனத்திருந்தால் இரை கீழே இறங்கவில்லை.

மார்பெலும்பு விரலுக்குக் கத்தி முனைபோல் தட்டுப்படுமானால் குஞ்சு பல நாட்களாக மெலிந்து வந்திருக்கின்றது என்று பொருள்.

எச்சத்துவாரத்தில் எச்சம் காய்ந்து ஒட்டி அடைத்திருக்கின்றதா என்று பாருங்கள். இது மிகச் சாதாரணமாகத் தோன்றினும் குஞ்சின் உயிரைப் பறிக்கக் கூடியது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, ஊறவைத்து, மெல்லத் துடைத்தெடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் பிய்த்தால் தோல் கிழியும். துடைத்தபின் ஈரம் போக உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவலாம். ஓர் எச்சரிக்கை: பொரித்த புதிதில் வயிற்றின் நடுவே தொப்புளில் சிறு பொருக்கு ஒன்று இருக்கும். அதனை எச்சம் என்று எண்ணிப் பிய்த்துவிடக் கூடாது.

எச்சத்தையும் நோக்குங்கள். கரும்பழுப்பு நிறத்தில் பசைபோன்ற எச்சம் இடையிடையே வருவது இயல்பே. இரத்தம் கலந்தோ, சுண்ணாம்புபோல் வெளுத்தோ, பச்சை நீராகவோ கழிந்தால் அது நோய்.

கால்கள் இரு பக்கமும் விரிந்து நிற்க முடியாவிட்டால், இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மென்மையான ஒட்டுத் துணியால் தளர்வாகப் பிணைக்கலாம். பொரித்த முதல் சில நாட்களுக்குள் செய்தால் பெரும்பாலும் கால் நிமிர்ந்துவிடும். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு குஞ்சு கணுக்காலில் நடந்தால், அது பி-2 உயிர்ச்சத்துக் குறைவாக இருக்கலாம். தொடக்கத்திலேயே அச்சத்தைக் கொடுத்தால் குணமாகும்.

தண்ணீரும் இரையும்

தளர்ந்த குஞ்சுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையோ வெல்லமோ கரைத்து, அலகின் நுனியை மட்டும் அதில் தொட வையுங்கள். மூக்குத் துவாரம் நனையக் கூடாது. தானே குடிக்கவில்லையெனில் அலகின் ஓரத்தில் துளித் துளியாக விட்டு, அது விழுங்கியபின் அடுத்த துளியை விடுங்கள். வாயைத் திறந்து ஊற்றினால் நீர் மூச்சுக் குழலில் இறங்கும். இச்சர்க்கரை நீர் முதல் நாளுக்கு மட்டுமே. பின்னர் தூய நீர் போதும். தட்டில் கூழாங்கற்களைப் போட்டு நீர் வைத்தால் குஞ்சு விழுந்து நனையாது.

இரையைப் பொறுத்தவரை, நாம் அறியாமல் செய்யும் பிழை ஒன்றுண்டு. வெறும் வெள்ளைச் சோற்றையும் நொய்யையும் மட்டுமே குஞ்சுக்கு இடுவதுதான் அது. இது குறித்து அறிவியல் வரலாற்றில் சுவையான ஒரு செய்தி உள்ளது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதியில், இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவில், பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார் கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து, நடக்க இயலாமல் விழத் தொடங்கின. சில மாதங்களில் நோய் வந்தது போலவே மறைந்தும் போயிற்று. காரணத்தை விசாரித்தபோது, அக்கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு போடப்பட்டு வந்ததும், பின்னர் வந்த புதிய சமையற்காரர் இராணுவத்தின் அரிசியை வெளிக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டதால் தீட்டாத அரிசி இடப்பட்டதும் தெரிய வந்தன. தவிட்டில் இருந்த ஏதோ ஒன்று கோழிகளைக் காப்பாற்றியிருக்கின்றது! அரிசியிலுள்ள நச்சைத் தவிடு முறிக்கின்றது என்றே ஐக்மன் முதலில் கருதினார். உணவில் இன்றியமையாத ஒரு பொருள் குறைவதே நோய்க்குக் காரணம் என்று அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ் 1901-இல் விளக்கினார். அதுவே பின்னர் பி-1 உயிர்ச்சத்து என அறியப்பட்டது. 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதகுலம் வைட்டமினை அறிந்துகொண்ட வழிகளுள் ஒன்று, கால் தளர்ந்த சில கோழிகளைக் கவனித்ததுதான்.

ஆகவே சோற்றோடு தவிடு சேருங்கள். தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் இந்தச் சத்து மிகுதி. உடைத்த கம்பும் கேழ்வரகும் நல்லவை. ஆயினும் வளரும் குஞ்சுக்குத் தேவை தசையை வளர்க்கும் புரதம். அதன் தீவனத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். தானியத்தில் அதில் பாதியளவே உண்டு. கடைகளில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் இக்குறையை நிரப்பும். நோயாளிக் குஞ்சுக்கு அதனை வெதுநீரில் குழைத்துக் கொடுப்பது எளிது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து ஒரு சிட்டிகை இடலாம். குழைத்த இரை நம் வெயிலில் விரைவில் புளிக்குமாதலால், சிறிது சிறிதாகக் கொடுத்து எஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

காசில்லாமல் புரதம் பெறும் வழியை நம் கிராமத்து மூதாட்டியர் அறிந்திருந்தனர். பழைய மண்பானையினுள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய குச்சிகளை இட்டு, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடியலில் பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட விருப்பமான இரை இல்லை.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. விருந்தில் எஞ்சிய பிரியாணியையும் கருவாட்டுத் துண்டுகளையும் குஞ்சுக்குப் போடாதீர்கள். உப்பு மிகுந்தால் குஞ்சு தாங்காது. பூசணம் பிடித்த தானியமும் கடலைப் பிண்ணாக்கும் நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூசணமே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. அஃப்ளாடாக்சின் என்னும் அந்நஞ்சு சிறிய அளவில் சேர்ந்தால் குஞ்சு உடனே சாகாது. ஈரல் கெட்டு, வளர்ச்சி குன்றி நிற்கும். மக்கிய நாற்றமடிக்கும் தீவனத்தைக் காயவைத்துக் கொடுப்பதாலும் அந்நஞ்சு நீங்காது. நமக்கு ஆகாததைக் கோழிக்குப் போடலாம் என்ற எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நோய்கள்

மூன்று முதல் ஆறு வார வயதில் குஞ்சு மெலிந்து, சிறகு தொங்கி, எச்சத்தில் இரத்தம் கலந்து வந்தால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். குடலில் வளரும் நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டை, ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைகின்றது. எனவே கூளத்தை நாள்தோறும் மாற்றி உலர்வாக வைத்திருப்பதே பாதி மருத்துவம். ஆம்புரோலியம் என்னும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, மருத்துவர் சொல்லும் அளவில் சில நாட்கள் கொடுத்தால் குணமாகும். அந்நாட்களில் பி-1 கலந்த சத்து மருந்தைக் கொடுக்கக் கூடாது; அது இம்மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

கழுத்து திருகிக் கொண்டு, மூச்சுத் திணறி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் அது வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயாகும். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பு மருந்துதான் உண்டு. பொரித்த முதல் வாரத்தின் முடிவில் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் போடும் ஊசியும் கூட்டத்தைக் காக்கும். நம் மாநிலக் கால்நடைப் பராமரிப்புத் துறை புறக்கடைக் கோழிகளுக்கு இலவசத் தடுப்பூசி முகாம்களை நடத்தி வருகின்றது. நலமாயுள்ள குஞ்சுகளுக்கே தடுப்பு மருந்து இட வேண்டும். நோயுற்ற குஞ்சுக்கு அது தேறியபின்.

மனிதருக்கான நோயெதிர் மருந்துகளை ஊகத்தில் கொடுப்பது பெருந்தீங்கு. அளவு தவறினால் குஞ்சு சாகும்; தவறாவிட்டாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் நம் கொல்லையிலேயே உருவாகும். மனிதருக்குக் கடைசிப் புகலான கொலிஸ்டின் மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குப் பயன்படுத்துவதை 2019-இல் இந்திய அரசு தடை செய்தது இதனால்தான்.

கூட்டத்தில் பல கோழிகள் ஒரே நேரத்தில் திடீரென மடியுமானால், அவற்றைக் கையால் தொடாமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். 2006-இல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் முதன்முறையாக நம் நாட்டில் தோன்றிய பறவைக் காய்ச்சல், அதன்பின் பல மாநிலங்களில் தலைகாட்டியுள்ளது.

மீண்டும் கூட்டத்தில்

எடை ஏறி, எச்சம் சீராகி, தானே ஓடி இரை எடுக்கத் தொடங்கிய குஞ்சை உடனே கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். கோழிகளுக்குள் மூத்தது இளையது என்னும் கொத்து வரிசை உண்டு; சில நாட்கள் காணாதிருந்ததை அவை அயலாகவே கருதும். முதலில் சில நாட்கள் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதனுள் குஞ்சை வைத்து, கூட்டத்தின் நடுவே இருக்கச் செய்யுங்கள். ஒன்றையொன்று பார்த்தும் கேட்டும் பழகும். பின்னர் மாலையில், தாய் குஞ்சுகளை அணைக்கும் நேரத்தில், சிறகடியில் சேர்த்து விடலாம். தாய் கொத்தி விரட்டினால் வற்புறுத்தாமல் தனியே வளர்ப்பதே நன்று. இரைத் தட்டும் நீர்த் தட்டும் இரண்டிரண்டாக வைத்தால் மெலிந்ததற்கும் பங்கு கிடைக்கும்.

குஞ்சைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். குஞ்சை முத்தமிடவோ, சமையலறையில் வைத்துப் பேணவோ இடங்கொடுக்க வேண்டாம். பார்வைக்கு நலமாயுள்ள குஞ்சின் எச்சத்திலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கைத் தரும் கிருமி இருக்கலாம்.

தேறாவிட்டால்?

எல்லா முயற்சிக்குப் பின்னும் சில குஞ்சுகள் தேறுவதில்லை. பிறவியிலேயே இதயமோ குடலோ குறைபட்டவை சில உண்டு. மெதுவாக வளர்ந்தாலும் வலியின்றி இரை எடுத்து நடமாடுகின்ற குஞ்சை அப்படியே வளர்க்கலாம். முட்டை குறைவாக இட்டாலும் ஒரு மூலையில் அதுவும் வாழ்ந்து போகட்டும். இரையும் நீரும் ஏற்காமல் துடித்துக் கொண்டிருப்பதைக் குறித்துக் கால்நடை மருத்துவரின் ஆலோசனையைக் கேளுங்கள். மடிந்ததை எறிந்துவிடாமல், நாயும் பூனையும் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். பெட்டியிலிருந்த கூளத்தை எரித்துவிடுங்கள். தானாக மடிந்த கோழி நமக்கு ஆகுமானதன்று என்பதை அறிவோம். மருந்து கொடுக்கப்பட்ட கோழியையும், அதன் முட்டையையும், மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் கழியும்வரை உணவாக்கக் கூடாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சகோதரிகளே! ஒரு குஞ்சின் விலையைக் கணக்கிட்டால், அதற்காக நாம் செலவிடும் நேரமும் விளக்கும் மருந்தும் அதனினும் கூடுதலாக இருக்கலாம். ஆனால் இக்கணக்கு விலையோடு முடிவதன்று. தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்து வந்தபோது, தாய்ப்பறவை மேலே தவித்து வட்டமிடுவதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பித் தரச் செய்தார்கள் என்னும் செய்தி அபூதாவூது நூலில் பதிவாகியுள்ளது. கூட்டிலுள்ள காட்டுப் பறவைக்கே அவ்வளவு கரிசனம் எனில், நாமே அடைவைத்து, நாமே பொரிக்க வைத்து, நம் வேலிக்குள் அடைத்து வைத்திருக்கும் உயிருக்கு நம் பொறுப்பு எவ்வளவு பெரிது!

நாளைக் காலை கூட்டைத் திறக்கும்போது குஞ்சுகளை எண்ணுவதோடு நிற்காமல், கடைசியாக வெளிவருவது எது என்றும் பாருங்கள். அதனைக் கையிலெடுத்துத் தராசில் வையுங்கள். எடையை எழுதும் வேலையை வீட்டிலுள்ள பிள்ளையிடம் ஒப்படையுங்கள். நாள்தோறும் ஒரு கிராம், இரண்டு கிராம் என அத்தாளில் எண்கள் ஏறுவதைக் காணும் பிள்ளை, மெலிந்தவற்றின்மீது பொறுமை காட்டுவது என்றால் என்னவென்பதை யாரும் சொல்லாமலே கற்றுக் கொள்ளும்.